தஃப்தரி வீட்டு விண்ணப்பம்

நம் சங்கத்தின் கல்வி நிதி அரியர்ஸில் பிறந்தது. வங்கிக்காரர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. சம்பள ஒப்பந்தம் காலாவதியாகி, பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போய், ஊர்வலம், வேலைநிறுத்தம் எல்லாம் முடிந்து ஒருநாள் கையெழுத்தாகும். பழைய தேதியிலிருந்து கணக்குப் போட்டு மொத்தமாக ஒரு தொகை கைக்கு வரும். வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்ததும், மகளுக்கு வளையல் வந்ததும், ஊரில் ஓட்டுவீடு தட்டோடு வீடானதும் அப்படிப்பட்ட மாதங்களில்தான். அந்தத் தொகையில் சங்கம் ஒரு சிறு விகிதம் பிடித்துக்கொள்ளும்; அதற்கு லெவி என்று பெயர்.

ஐந்தாவது இருதரப்பு ஒப்பந்தம் 1989 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தானது. அந்த லெவியில் மேலே அனுப்ப வேண்டியதை அனுப்பியது போக மாவட்டக் கிளையின் கையில் கொஞ்சம் நின்றது. அதை என்ன செய்வது என்று பாளையங்கோட்டையில் கூடிய பொதுக்குழுவில் அரை நாள் பேச்சு. சொந்த இடம் வாங்க முன்பணமாக வைக்கலாம் என்றார் ஒருவர். இன்னொருவர் புது சைக்ளோஸ்டைல் மெஷின் கேட்டார். நியாயம்தான், பழையது சுற்றறிக்கையைவிட மையைத்தான் அதிகம் கக்கியது. அப்போது விருதுநகர்ப் பக்கத்துக்காரரான ஒரு ஹெட் கேஷியர் எழுந்தார். கூட்டத்துக்குள் 'தோழர்', வாசலைத் தாண்டினால் 'அண்ணாச்சி' என்று நாங்கள் அழைத்துவந்த மனிதர்.

அவருடைய ஊரில் வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை பிரித்தார்கள். பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்தார்கள். அப்படிச் சேர்ந்ததில் 1889இல் எழுந்தது க்ஷத்திரிய வித்யாசாலை. காமராசர் படித்த பள்ளி. "லெவின்னா என்ன தோழர்களே, மகமைதானே? அவுக நூறு வருஷத்துக்கு முன்னால பள்ளிக்கூடம் கட்டுனாக. நாம பிள்ளைகள காலேஜ் வரைக்குமாவது கொண்டுபோய் விடுவோம்" என்றார். சைக்ளோஸ்டைல் மெஷின் கேட்டவரே வழிமொழிந்தார்.

கல்லூரி என்று அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. 1978இல் பி.யு.சி. போய் பிளஸ் டூ வந்தது. அதுவரை பத்தோ பதினொன்றோ முடித்து டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தால் ஏதாவது ஒரு மேஜை கிடைக்கும் என்று இருந்த நம்பிக்கை எண்பதுகளில் கரைந்துகொண்டிருந்தது. 1984இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு எம்.ஜி.ஆர். அரசு கதவைத் திறந்தபின், 'சீட்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் 'எவ்வளவு' என்ற சொல்லும் வந்து உட்கார்ந்துகொண்டது. உள்ளூரில் சேவியரிலோ இந்துக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் பிரிவில் பி.எஸ்ஸி. படிக்கவைப்பது பெரிய செலவில்லை. வெளியூர், விடுதி, பொறியியல் என்று போனால்தான் குமாஸ்தாவின் கணக்கு உதைக்கும். சப்-ஸ்டாஃபின், அதாவது கடைநிலை ஊழியரின், கணக்கு அதற்கு வெகுமுன்பே உதைத்துவிடும்.

பட்டத்தின் விலை என்ன என்பது வங்கிக்கே நன்றாகத் தெரியும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வேலையில் இருக்கும் குமாஸ்தா பட்டம் வாங்கினால் கிராஜுவேஷன் இன்கிரிமென்ட் உண்டு, சி.ஏ.ஐ.ஐ.பி. என்ற வங்கியியல் தேர்வை முடித்தால் அதற்குத் தனி. இவை யாரும் தானாகத் தூக்கிக் கொடுத்தவை அல்ல. 1946 ஏப்ரல் 20 அன்று கல்கத்தாவில் அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் தொடங்கியதிலிருந்து, 1953இல் சாஸ்திரி தீர்ப்பாயம், அதன்மேல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு, அந்தத் தீர்ப்பை அரசு வெட்டிக் குறைத்ததைப் பொறுக்காமல் 1954இல் வி.வி. கிரி தொழிலாளர் அமைச்சர் பதவியைத் துறந்தது, 1962இல் தேசாய் தீர்ப்பாயம், 1966 அக்டோபர் 19 அன்று முதல் இருதரப்பு ஒப்பந்தம் என்று நீளும் கதை அது. இந்தச் சங்க மலரில் வேறு கட்டுரைகள் அதை விரிவாகச் சொல்லும். நான் கல்வி நிதி பீரோவின் சாவியை வைத்திருந்தவன்; அதற்குள் இருப்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் ஆண்டு நாங்கள் போட்ட விதி ஒன்றே ஒன்று. பிளஸ் டூவில் 1200க்கு 1000 எடுத்திருக்க வேண்டும். எளிய விதி, யாரும் சண்டைக்கு வர முடியாது, மார்க் ஷீட்டைப் பார்த்தால் போதும். அப்படித்தான் நினைத்தோம். 1990 ஜூனில் விண்ணப்பங்களைப் பிரித்தபோது தேர்வானவை அத்தனையும் குமாஸ்தா வீட்டுப் பிள்ளைகளுடையவை. கேஷியர் மகன், டைப்பிஸ்ட் மகள், சங்கப் பொறுப்பாளர் ஒருவரின் மகன். எல்லோரும் நன்றாகப் படித்தவர்கள்தான். தவறு அவர்களுடையது அல்ல.

தள்ளுபடியானவற்றில் ஒன்று எங்கள் வங்கிக் கிளையிலேயே இருந்த தஃப்தரியுடையது. இந்தத் தலைமுறைக்கு அந்தப் பதவி தெரியாது. லெட்ஜர்களைத் தைப்பது, பழைய வவுச்சர்களைத் தேதிவாரியாகக் கட்டுவது, ரெக்கார்டு ரூமில் எந்த வருடத்து டே புக் எந்த அலமாரியில் என்று இருட்டிலும் சொல்வது, இதெல்லாம் அவர் வேலை. பியூனுக்கு மேல் ஒரு சிறு அலவன்ஸ். மகள் 742 மதிப்பெண். வெளியூர்க் கல்லூரியில் பி.காம்., விடுதி. விண்ணப்பத்தை அவரே எழுதியிருந்தார். ரெக்கார்டு லேபிள் எழுதிப் பழகிய கை, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியே நிமிர்ந்து நிற்கும். அதன் மேல் 'விதிக்குட்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட மூவரில் நானும் ஒருவன்.

அதே வாரம் நான் நகைக்கடன் சீட்டில் இருந்தேன். ஜூன் மாதம் அந்தக் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: விதைப்புக்கு வருகிறவர்களைவிடப் பள்ளி, கல்லூரி கட்டணத்துக்கு வருகிறவர்கள்தான் அதிகம். மதியம் இரண்டு மணி, வெளியே கூட்டம் குறைந்த நேரம். தஃப்தரி அண்ணாச்சி கவுண்டருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். இருபது வருடமாக இந்தப் பக்கம் நின்ற மனிதர். கைக்குட்டையைப் பிரித்து ஒரு சங்கிலியை வைத்தார். மதிப்பீட்டாளர் உரைகல்லில் இரண்டு இழுப்பு இழுத்து, அமிலம் தொட்டுப் பார்த்து, தராசில் வைத்தார். மூன்று பவுனுக்குச் சற்றுக் குறைவு. கொக்கியில் நூல் சுற்றியிருந்தது. அறுந்ததைச் சரிசெய்ய நேரமில்லாமல் கட்டிய மஞ்சள் நூல். அதை அவிழ்த்துவிட்டுத்தான் எடை போட வேண்டும். அவிழ்க்கும்போது அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் படிவத்தை நிரப்பினேன். 'கடனின் நோக்கம்' என்ற இடத்தில் 'குடும்பச் செலவு' என்று எழுதுவது வழக்கம். "காலேஜுன்னே எழுதுங்க சார்" என்றார். நகை பையில் போய், சீட்டுக் கட்டி, அரக்கு வைத்து, பெட்டக அறைக்குள் போனது. விண்ணப்பத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தச் சங்கிலி வருடா வருடம் வட்டி கட்டிப் புதுப்பிக்கப்பட்டது. 1993இல் மகள் பி.காம். முடித்தாள். 1995 பிப்ரவரி 14 அன்று ஆறாவது ஒப்பந்தம் கையெழுத்தாகி வந்த அரியர்ஸில் சங்கிலி வெளியே வந்தது. அந்தப் பட்டத்தில் நம் கல்வி நிதிக்கு ஒரு பைசா பங்கு இல்லை. மலரில் சாதனைப் பட்டியல் போடுகிறவர்கள் இதையும் எங்காவது போட வேண்டும் என்பது என் கட்சி.

1991 பொதுக்குழுவில் விதியை மாற்றக் கோரி ஹெட் கேஷியர் அண்ணாச்சியும் நானும் தீர்மானம் கொண்டுபோனோம். நிதியை இரண்டாகப் பிரிப்பது. ஒரு பங்கு மதிப்பெண்ணுக்குப் பரிசு, இரண்டு பங்கு தேவைக்கு உதவி. மதிப்பெண் அதிகம் எடுக்கிற பிள்ளை எப்படியும் கல்லூரிக்குப் போகும். அதற்கு நாம் கொடுப்பது கைதட்டல். 742 எடுத்த பிள்ளைக்குக் கொடுப்பதுதான் கல்லூரி. இதை இவ்வளவு தெளிவாக அன்று சொல்ல எனக்கு வரவில்லை; சுற்றி வளைத்து ஏதோ பேசினேன். எதிர்ப்பு பலமாக இருந்தது. "சராசரியா படிக்கிற பிள்ளைக்குக் காசு கொடுத்தா நல்லா படிக்கிறவனுக்கு என்ன மரியாதை?" என்று கேட்டவரின் மகன்தான் முந்தைய ஆண்டு முதல் பரிசு வாங்கியவன்.

பெரிய சண்டை வேறோர் இடத்தில் வந்தது. பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர்கள். ஒப்பந்தப்படி அவர்களுக்கு வாரத்தில் எத்தனை மணி நேர வேலையோ அதற்கேற்ப ஊதியம். மூன்றில் ஒன்று, பாதி, முக்கால் என்று. லெவி விகிதத்தில் பிடிப்பதால் அவர்கள் கட்டியதும் அந்த அளவுதான். ஆகவே மூன்றில் ஒரு பங்கு சம்பளக்காரருக்கு மூன்றில் ஒரு பங்கு உதவி என்று ஓர் உறுப்பினர் திருத்தம் கொடுத்தார். கணக்கில் புலி, வருட முடிவு பாலன்ஸ் ஒரே மூச்சில் டாலி ஆக்குகிறவர். அவர் கணக்கில் பிழை இல்லைதான். ஹெட் கேஷியர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்: "அந்தப் பிள்ளைகிட்ட காலேஜுல மூணுல ஒரு பங்கு ஃபீஸா வாங்குதான், அண்ணாச்சி?" கூட்டத்துக்குள் 'தோழர்' என்ற விதி அன்று மட்டும் மீறப்பட்டது. திருத்தம் தோற்றது, தீர்மானம் நிறைவேறியது. விதியின் வரி இன்றும் அப்படியே இருக்கிறது: 'பணிநேரம் எதுவாயினும் உதவித்தொகை முழுமையாக வழங்கப்படும்.'

பணியில் இருக்கும்போதே இறந்தவர்களின் பிள்ளைகள் விஷயத்தில் எந்த விதியும் போதவில்லை. அன்றைக்குக் கருணை அடிப்படையில் வேலை என்பது பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஆறுதல் கல்லூரியிலிருந்து ஒரு பையனை எழுப்பிக்கொண்டு வந்துதான் வங்கியில் உட்காரவைக்கும். பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்த ஒரு பையன் அப்பாவின் முழுக்கைச் சட்டையைக் கைமடித்துப் போட்டுக்கொண்டு எங்கள் கிளையில் சேர்ந்தது நினைவிருக்கிறது. பதினெட்டு முடிந்து சில மாதங்கள். தங்கைகள் இருவர். படிப்பை முடி, வேலை காத்திருக்கும் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. விதிகள் எப்போது மாறும் என்று யார் கண்டது? நிதி செய்தது ஒன்றுதான். மதுரை காமராசர் பல்கலைக்கழக அஞ்சல்வழிக் கல்வியில் அவனைச் சேர்த்துக் கட்டணம் கட்டியது. பாடப் புத்தகக் கட்டு கிளை முகவரிக்கே வரும், டெஸ்பாட்சில் இருந்தவர் அவன் மேஜையில் வைத்துவிட்டு, "படிச்சிட்டியாடே?" என்று வாராவாரம் கேட்பார். பட்டம் வாங்கினான், கிராஜுவேஷன் இன்கிரிமென்டும் வாங்கினான்.

பயந்தபடியே விதிகள் மாறவும் செய்தன. 2004 வாக்கில் கருணை வேலைக்குப் பதிலாக மொத்தத் தொகை என்ற திட்டம் பொதுத்துறை வங்கிகளில் வந்தது. 2014இல்தான் வேலை திரும்பியது. இடைப்பட்ட பத்தாண்டில் இறந்தவர்களின் பிள்ளைகள் கல்லூரியிலிருந்து எழ வேண்டியதில்லை, வேலையும் இல்லை. நம் நிதியிலிருந்து மிக அதிகமாக, மிக நீண்ட நாள் உதவி போனது அந்த வீடுகளுக்குத்தான்.

நிர்வாகத்தின் நல நிதி பற்றியும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நாம் மட்டுமே எல்லாம் செய்ததுபோல் ஆகிவிடும். பொதுத்துறை வங்கிகள் நிகர லாபத்தில் 3 சதவீதம் வரை, ஓர் உச்சவரம்புக்குள், பணியாளர் நலனுக்கு ஒதுக்கலாம். பிள்ளைகளின் படிப்புக்கான உதவித்தொகையும் அதில் அடங்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் லாபத்தில் பங்கு என்றால் நட்டத்தில் என்ன? 1995-96இல் இந்தியன் வங்கி 1,336 கோடி ரூபாய் நட்டம் காட்டியபோது எல்லா வங்கி ஊழியர்களும் ஒருமுறை தம் வங்கியின் பாலன்ஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தார்கள். நம் பொதுக்குழுவில் அந்த ஆண்டு, மாதச் சந்தாவோடு கல்வி நிதிக்கென்று தனியே ஒரு சிறு தொகை பிடிக்கும் தீர்மானம் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஜூன் மாதம் வந்துவிடும் அல்லவா?

அடுத்த அடி வி.ஆர்.எஸ். என்ற விருப்ப ஓய்வுத் திட்டம். 2000-01இல் நாடெங்கும் ஒரு லட்சம் பேருக்கு மேல் வெளியே போனார்கள். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 60 நாள் சம்பளம் என்ற கணக்கு பலருக்குக் கண்ணைக் கட்டியது. நம் கிளைகளில் நாற்காலிகள் காலியாக, சந்தாப் பட்டியல் சுருங்கியது. போனவர்களின் பிள்ளைகளுக்குப் பாதிப் படிப்பில் உதவியை நிறுத்துவதா? 'வெளியே போனவன் வெளியே போனவன்தான்' என்று ஒரு கட்சி. 'போனது அப்பா, பிள்ளை இல்லை' என்று மறு கட்சி. ஏற்கெனவே பெற்றுவந்தவர்களுக்குப் படிப்பு முடியும்வரை, புதிதாக யாருக்கும் இல்லை என்று முடித்தோம். சிலர் இன்றும் என்னோடு பேசுவதில்லை. கல்யாண வீட்டில் பார்த்தால் பந்தியில் இடம் மாறி உட்காருவார்கள்.

1997இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தபின் வேலையின் தன்மையே வேறாகிவிட்டது. நெல்லை எக்ஸ்பிரஸில் அப்பாவும் பிள்ளையும் சென்னை போக வேண்டும். கிண்டியில் ஒரு திரைக்கு முன் சில நிமிடங்களில் நான்கு வருடத்தை முடிவுசெய்ய வேண்டும். ஆர்ம்டு கார்டாக இருந்த முன்னாள் ராணுவத்துக்காரர் ஒருவர், எல்லையில் நிற்கும்போதுகூடக் கை நடுங்கியதில்லை, அங்கே நடுங்கியது என்றார். சீட்டு எடுத்துக்கொண்டு திரும்பும்போது கையில் கட்ட வேண்டிய தொகையும் தேதியும் இருக்கும். அந்தத் தேதிக்கு முன் பணம் கொடுப்பதுதான் உதவி, பிறகு கொடுப்பது விழா என்பதை அப்போது கற்றோம். சுதந்திர தினத்தன்று மேடை போட்டுக் காசோலை கொடுக்கும் வழக்கத்தை உதவிப் பகுதிக்கு அறவே விட்டோம்.

2001இல் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம் வந்தது: உள்நாட்டுப் படிப்புக்கு 7.5 லட்சம், வெளிநாட்டுக்கு 15 லட்சம் வரை. இனி நிதி எதற்கு என்று கேட்டார்கள். கடன் தருகிறவர்களே நாமாக இருந்ததால் பதில் நமக்கே தெரிந்திருந்தது. சேர்க்கைக் கடிதம், போனஃபைடு சான்றிதழ், கட்டண விவரம் எல்லாம் வந்து கடன் ஒப்பளிப்பாவதற்குள் முதல் செமஸ்டர் பணமும் விடுதி முன்பணமும் எங்கிருந்தாவது வந்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குத்தான் அன்றிலிருந்து நிதியின் பெரும்பகுதி போகிறது.

சப்-ஸ்டாஃப் வீடுகளுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. பட்டியல் வகுப்பு மாணவர்களுக்கான உயர்கல்வி உதவித்தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம். பல ஒப்பந்தங்கள் போட்டு வாங்கிய சம்பளம் அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது. அரசுக் கணக்கில் வசதியானவர், கல்லூரிக் கணக்கில் இல்லாதவர். வருமான வரம்பு பார்க்காத முதல் பட்டதாரி கட்டணச் சலுகை 2010இல் வந்தபோது, முதலில் தாசில்தார் அலுவலகத்துக்கு ஓடியவர்களில் நம் சப்-ஸ்டாஃப் தோழர்கள் பலர். வங்கிக்குள் முப்பது வருடம் இருந்த குடும்பத்தில் அதுவரை ஒரு பட்டதாரி இல்லை என்று அந்தச் சான்றிதழ் எழுத்தில் சொன்னது.

இப்போது பீரோவில் விண்ணப்பங்கள் குறைந்துவிட்டன. 2011க்குப் பிறகு வங்கிகளின் பொதுத் தேர்வு எழுதி வேலைக்கு வந்த இளைஞர்களின் பிள்ளைகள் இப்போதுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். பழைய குமாஸ்தாக்களின் பிள்ளைகள் படித்து முடித்து எங்கெங்கோ இருக்கிறார்கள். தஃப்தரி பதவியே இல்லை. லெட்ஜர் இருந்தால்தானே தைப்பதற்கு? கிளையைக் கூட்டுகிறவர் ஒப்பந்தக்காரரின் ஆள், வாசலில் நிற்கிறவர் ஏஜென்சியின் ஆள். 2024 மார்ச் 8 அன்று கையெழுத்தான பன்னிரண்டாவது ஒப்பந்தத்தின் அரியர்ஸ் இவர்கள் யார் கணக்கிலும் ஏறவில்லை. நிதியில் பணம் இருக்கிறது. 'உறுப்பினர்' என்ற சொல்லுக்குள் அடங்குகிற தேவைதான் குறைந்திருக்கிறது.

யார் வங்கி ஊழியர் என்பது பழைய கேள்வி. வீடுவீடாகப் போய்ப் பிக்மி சேமிப்பு வசூலித்தவர்கள், அந்த முறையை 1928இல் சிண்டிகேட் வங்கி தொடங்கியதிலிருந்து, முகவர்கள் என்றே எழுதப்பட்டார்கள். அவர்கள் தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2001 ஆனது. நம் விதிப்புத்தகம் அதை இன்னும் படிக்கவில்லை.

இந்த ஆண்டு வந்த விண்ணப்பங்களில் ஒன்று நகை மதிப்பீட்டாளர் ஒருவருடையது. ஒவ்வொரு கடனுக்கும் கமிஷன், சம்பளம் கிடையாது, சந்தா பிடிக்க வழியில்லை. மகள் பி.எஸ்ஸி. நர்சிங் சேர்ந்திருக்கிறாள். 'உறுப்பினர் எண்' என்ற கட்டத்தில் அவர் கோடு போட்டிருக்கிறார். அன்று தஃப்தரியின் சங்கிலியை உரைத்தவரின் மகன் இவர். உரைகல்லும் அதே கல்தான் என்று சொன்னார். குழுவில் இப்போது நான் இல்லை, பார்வையாளன் மட்டும். இருக்கிற மூவரும் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யவில்லை, ஏற்கவும் இல்லை. பென்சிலில் 'பொ.கு.வுக்கு' என்று எழுதிக் கோப்பின் மேலே வைத்திருக்கிறார்கள். விதித் திருத்தத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். இந்த மலர் உங்கள் கைக்கு வருகிற அன்று மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, அது ஏழாவது பொருளாக எடுத்துக்கொள்ளப்படும். மூன்று மணி நெல்லை பாசஞ்சரைப் பிடிக்க யாரும் எழுந்து போய்விட வேண்டாம்.